வேண்டுமென்றே தாமதிக்கும் சார்ஜர்

பிரிட்டனில் வீட்டுக்கு ஒரு மின்வாகன சார்ஜர் வாங்கினால், அதற்குள் ஒரு விசித்திரமான நிபந்தனை உட்கார்ந்திருக்கும். இரவு 12.30 மணிக்கு மலிவுக் கட்டணம் ஆரம்பமாகிறது, அப்போது சார்ஜ் ஏறட்டும் என்று ஆப்பில் நேரம் வைத்திருப்பீர்கள். ஆனால் சார்ஜர் 12.30-க்குத் தொடங்காது. 600 விநாடிக்குள் ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை விநாடி சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் தொடங்கும். நாளைக்கு வேறு எண், மறுநாள் இன்னொன்று. அவசரமென்றால் உரிமையாளர் அந்தத் தாமதத்தை ரத்து செய்துகொள்ளலாம், ஆனால் விற்கும்போது அந்த வசதி பெட்டிக்குள் இருந்தே ஆக வேண்டும். 2021-ஆம் ஆண்டின் ஸ்மார்ட் சார்ஜர் விதிமுறைகளில் இருக்கிற சட்டபூர்வமான கட்டாயம் இது, 2022 ஜூன் 30 முதல் அமலில் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய கருவி ஏன் வேண்டுமென்றே மந்தமாக நடந்துகொள்ள வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்தால், மின்கட்டமைப்பின் சைபர் பாதுகாப்பு பற்றி வருகிற முக்கால்வாசிச் செய்திகள் எங்கே மிகைப்படுத்துகின்றன, எங்கே உண்மையாகவே கவலைப்பட வேண்டியிருக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

அதிர்வெண்ணிலிருந்து ஆரம்பிப்போம். எந்த நொடியிலும் உற்பத்தியாகும் மின்சாரமும் செலவாகும் மின்சாரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அந்தச் சமநிலை குலைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதிர்வெண்தான். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அது 50 ஹெர்ட்ஸ். லோடு, அதாவது செலவாகும் மின்சாரம், திடீரென்று கூடினால் சுற்றிக்கொண்டிருக்கிற டர்பைன்கள் இழுபட்டு வேகம் குறையும், அதிர்வெண் இறங்கும். லோடு சட்டென்று விலகினால் ஏறும். கொஞ்சம் ஆடலாம், அதிகம் ஆடக்கூடாது. 2019 ஆகஸ்ட் 9 மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் லண்டனுக்கு வடக்கே ஒரு மின்பாதையில் இடி விழுந்தது. அது சாதாரண விஷயம், பாதுகாப்புக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்து பாதையும் திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு அதிர்ச்சியில் ஹார்ன்சீ கடல் காற்றாலையின் பெரும்பகுதியும் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு மின் நிலையமும் அடுத்தடுத்து விலகிக்கொண்டன, கூடவே அங்கங்கே இருந்த சின்னச் சின்ன உற்பத்தியும் போனது. அப்போது கைவசம் வைத்திருந்த உடனடிக் கையிருப்பு சுமார் 1,000 மெகாவாட், இழப்போ அதைத் தாண்டிவிட்டது. அதிர்வெண் 48.8-க்கு இறங்கியதும் தானியங்கி ஏற்பாடு சுமார் 11 லட்சம் இணைப்புகளைத் துண்டித்தது. முக்கால் மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பிவிட்டாலும், ஒரு ரக ரயில்கள் அதிர்வெண் இறங்கியதும் தாமாக நின்று, சிலவற்றை டெக்னீஷியன் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்ததால், பயணிகள் இரவு வரை மாட்டிக்கொண்டார்கள். இதில் ஹேக்கர் யாருமில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீட்டு சார்ஜர் 7.4 கிலோவாட் இழுக்கும். 1,35,000 சார்ஜர்கள் ஒரே நொடியில் நின்றால் அல்லது ஓடத் தொடங்கினால், அது 1,000 மெகாவாட். பிரிட்டனில் வீட்டு சார்ஜர்கள் பல லட்சம் இருக்கின்றன. எல்லோருக்கும் மலிவுக் கட்டணம் 12.30-க்கே தொடங்குகிறது என்றால், எந்தத் தாக்குதலும் இல்லாமலே, எல்லோருடைய நல்லெண்ணத்தோடும் சிக்கனத்தோடும், கிரிட்டுக்கு, அதாவது மின்கட்டமைப்புக்கு, ஒரு குத்து விழும். அந்தக் குத்தைப் பத்து நிமிடத்துக்குப் பரப்பி மழுக்குவதுதான் அந்தத் தாமதத்தின் வேலை.

இப்படி ஒத்திசைந்த லோடு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்குகளை அணைக்கச் சொல்லிப் பிரதமர் கேட்டுக்கொண்டார், ஞாபகமிருக்கும். 12,000 மெகாவாட்டிலிருந்து 13,000 வரை குறையும் என்று மின்சாரத் துறையில் கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்தது 31,000-க்கும் மேல். அதிர்வெண் 49.7-க்கும் 50.26-க்கும் இடையே ஆடியது, ஆனால் கிரிட் விழவில்லை, ஏனென்றால் லோடு டிஸ்பாட்ச் மையங்களுக்கு இரண்டு நாள் முன்னாலேயே தெரியும், நீர்மின் நிலையங்களை முதலிலேயே ஓடவிட்டு வைத்திருந்து சரியான நேரத்தில் இறக்கி ஏற்றினார்கள். முன்கூட்டித் தெரிந்திருந்ததால் சமாளித்தார்கள். தேதியும் நேரமும் சொல்லாமல் அதில் கால்வாசி நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் சைபர் பாதுகாப்புக்காரர்களின் கேள்வி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 2018-இல் ஒரு ஆய்வில் இதைத்தான் காட்டினார்கள்: மின் நிலையத்தையோ கட்டுப்பாட்டு அறையையோ தொடவே வேண்டாம், ஹீட்டர், ஏசி மாதிரி இணையத்தில் மாட்டிய கருவிகள் போதுமான அளவு கைக்குள் வந்தால், அவற்றை ஒன்றாக ஆட்டியே கிரிட்டை ஆட்டலாம். மின்வாகன சார்ஜர் அந்த வரிசையில் வருகிற எல்லாக் கருவிகளிலும் கனமானது, அதுவும் தூரத்திலிருந்து ஆணை வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது.

அந்த ஆணை எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். நெதர்லாந்தில் 2009 வாக்கில், வெவ்வேறு கம்பெனிகளின் சார்ஜர்களை ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்க ஒரு பொதுமொழி வேண்டுமென்று ஆரம்பித்தார்கள், அதுதான் ஓசிபிபி. 2015-இல் வந்த 1.6 பதிப்பு இன்றும் ஏராளமான சார்ஜர்களில் ஓடுகிறது. சார்ஜர் உயிர்பெற்றதும் சர்வருக்கு 'பூட் நோட்டிஃபிகேஷன்' அனுப்பும், நான் இன்ன மாடல், விழித்துவிட்டேன் என்று. அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு 'ஹார்ட்பீட்', சார்ஜ் ஏறும்போது 'மீட்டர் வேல்யூஸ்'. சர்வர் பக்கமிருந்து 'செட் சார்ஜிங் ப்ரொஃபைல்' என்று ஒரு செய்தி வரும்: இரவு பத்து மணி வரை 6 ஆம்பியர், அதற்குப் பிறகு 32 ஆம்பியர், என்பது மாதிரி ஒரு அட்டவணை. 'ரிமோட் ஸ்டாப்' என்று வந்தால் சார்ஜிங் நின்றுவிடும். எல்லாமே மனிதர்கள் வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்து வரிகள்.

1.6-இன் மூல ஆவணத்தில் இந்தப் பேச்சை மறையாக்கம் செய்வதும், பேசுகிறவர் உண்மையிலேயே அந்த சார்ஜர்தானா என்று சோதிப்பதும் விருப்பமிருந்தால் செய்துகொள்ளலாம் என்கிற அளவிலேயே இருந்தன. சார்ஜரின் அடையாள எண் இணைப்பு முகவரியின் கடைசியிலேயே நிற்கும், அந்த எண்ணைத் தெரிந்துகொண்டவர் அதே பெயரில் இரண்டாவது இணைப்பைத் திறந்தால் சில சர்வர்கள் யார் அசல், யார் போலி என்று குழம்பி அசலைக் கைவிட்டுவிடும் என்று 2023-இல் சைஃப்ளோ என்ற இஸ்ரேல் நிறுவனம் வெளியிட்டது. பிறகு வந்த பாதுகாப்புச் சேர்க்கைகளும் 2.0.1 பதிப்பும் இதையெல்லாம் ஓரளவு அடைத்திருக்கின்றன. ஆனால் சுவரில் மாட்டிய பெட்டியை யாரும் ஃபோன் மாதிரி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதில்லை.

சரி, நிஜத்தில் என்ன நடந்திருக்கிறது? இதுவரை வெளியே தெரிந்தவை பெரும்பாலும் கேலிக்கூத்துகள். 2022 பிப்ரவரியில் மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையிலான எம்-11 நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் வேலை செய்யாமல் நின்று, திரையில் புதினைத் திட்டும் வாசகங்களை ஓட்டின. முக்கிய பாகங்களை அனுப்பியது ஒரு உக்ரைன் நிறுவனம், அதில் பின்வாசல் இருந்தது என்றது ரஷ்யத் தரப்பு. இரண்டு மாதம் கழித்து இங்கிலாந்தின் வைட் தீவில், நகராட்சி கார் நிறுத்துமிடத்து சார்ஜர் திரைகளில் ஆபாசத் தளம் ஒன்று வந்தது, நகராட்சி மன்னிப்புக் கேட்டது. அதற்கு முந்தைய வருடம் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டிஷ் குழு ஆறு பிராண்டு வீட்டு சார்ஜர்களைப் பிரித்துப் பார்த்ததில், ஒன்றின் சர்வர் உங்களை யார் என்றே கேட்காமல் ஆணைகளை ஏற்றது; சிலவற்றின் உள்ளே ராஸ்ப்பெர்ரி பை என்ற மலிவான குட்டிக் கணினி இருந்தது, பெட்டியைக் கழற்றினால் வீட்டு வைஃபை கடவுச்சொல்லை உருவிவிடலாம். 2024 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த ப்வன்2ஓன் என்ற ஹேக்கிங் போட்டியிலும் சார்ஜர்கள் வரிசையாக விழுந்தன. திரையில் படம் ஓட்டுவதற்கும் லட்சம் பெட்டிகளை ஒரே நொடியில் ஆட்டுவதற்கும் நடுவே தூரம் அதிகம், அதை மறைத்துப் பயமுறுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த தூரத்தைக் கடக்க ஒவ்வொரு பெட்டியாக உடைக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்டிகள் அத்தனைக்கும் ஆணை போடுகிற ஒரு சர்வர் போதும்.

சர்வர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உக்ரைனை விடத் தெளிவான உதாரணம் இல்லை. 2015 டிசம்பர் 23 மாலை, இவானோ-ஃப்ராங்கிவ்ஸ்க் பகுதியின் மின் விநியோக நிறுவனத்தில் ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஒரு சப்ஸ்டேஷனின் பிரேக்கர் (திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பெரிய சுவிட்ச்) மேல் போய் நின்றது, திறக்கவா என்று கேட்ட பெட்டியில் ஆம் என்று அழுத்தியது, அடுத்த சப்ஸ்டேஷனுக்குப் போனது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்தும் பயனில்லை, பிறகு அவருடைய கணக்கிலிருந்தே அவர் வெளியேற்றப்பட்டார். மூன்று விநியோக நிறுவனங்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள், சில மணி நேர இருட்டு. தாக்கியவர்கள் பல மாதங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் வந்த ஆஃபீஸ் கோப்பு வழியாக உள்ளே நுழைந்து, கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு, இரண்டாவது சோதனை எதுவும் இல்லாத வெளி இணைப்பு வழியாக ஊழியர்கள் மாதிரியே வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அன்று வாடிக்கையாளர் அழைப்பு மையத்தைப் போலி அழைப்புகளால் அடைத்தார்கள். சப்ஸ்டேஷனோடு பேசுகிற மாற்றிக் கருவிகளின் மென்பொருளை அழித்து, தூரத்திலிருந்து பிரேக்கரைத் திரும்ப மூட முடியாதபடி செய்தார்கள். ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சப்ஸ்டேஷனாகப் போய்க் கையால் மூடினார்கள். கையால் மூடுகிற வழியும் அதைத் தெரிந்த ஆட்களும் இன்னும் மிச்சமிருந்ததால்தான் அது சில மணி நேரத்தோடு முடிந்தது.

இங்கேதான் மெஷின் லேர்னிங் உள்ளே வருகிறது. அன்றைக்கு நெட்வொர்க்கில் போன 'பிரேக்கரைத் திற' ஆணை வடிவத்தில் துளியும் தவறில்லாதது. சரியான மென்பொருள், சரியான பயனர், சரியான கட்டளை. வைரஸின் கைரேகையைத் தேடுகிற பழைய முறைக்கு அது தெரியாது. அதனால் எது வழக்கம் என்பதை இயந்திரமே கற்றுக்கொண்டு, வழக்கத்துக்கு மாறானதைச் சொல்லட்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கிளம்பினார்கள். நியாயமான யோசனை. சார்ஜர்களுக்கு வழக்கம் என்று ஒன்று உண்டு: அலுவலக வளாகத்தில் காலையில் வந்து மாட்டுவார்கள், மாலையில் கழற்றுவார்கள், பேட்டரி நிரம்பும்போது மின்னோட்டம் படிப்படியாக இறங்கும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக வளாகத்து சார்ஜர்களின் பதிவுகள் 2019-லிருந்து பொதுவெளியில் கிடைக்கின்றன, பார்த்தால் மனிதர்கள் எவ்வளவு பழக்கத்துக்கு அடிமை என்று தெரியும். ஆனால் உக்ரைன் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது வேறு. ஒரே ஆள் சில நிமிடங்களில் வரிசையாகப் பல சப்ஸ்டேஷன்களைத் திறந்தால் நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் கேள் என்று ஒரு வரி விதி எழுதி வைத்திருந்தால் போதும், நியூரல் நெட்வொர்க் தேவையே இல்லை.

இயந்திரம் உண்மையாகத் தேவைப்படுகிற இடம் இன்னும் நுட்பமானது. கட்டுப்பாட்டு அறைக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் அளவுகள் வந்துகொண்டே இருக்கும், சிலது பழுதாக இருக்கும். அதனால் எல்லா அளவுகளையும் மின்பாதைகளின் சமன்பாடுகளோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிற அளவைத் தூக்கி எறிகிற ஒரு கணக்கு பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. லியூ, நிங், ரைட்டர் என்ற மூவர் 2009-இல் ஒரு சங்கடமான விஷயத்தை நிரூபித்தார்கள். கட்டமைப்பின் வரைபடம் கையில் இருக்கிறவன், பல மீட்டர்களை ஒரே நேரத்தில், அந்தச் சமன்பாடுகளுக்கு ஒத்துப்போகிற விகிதத்திலேயே மாற்றினால், எதுவும் துருத்தாது. சோதனை எல்லாம் சரி என்றே சொல்லும், திரையில் தெரிகிற கிரிட் மட்டும் பொய்யாக இருக்கும். ஒரு நொடியின் கணக்கை வைத்து இதைப் பிடிக்க முடியாது, நேற்றைக்கும் போன வாரத்துக்கும் இது பொருந்துகிறதா என்று கால ஓட்டத்தோடு பார்த்தால் பிடிபடலாம், அங்கே கற்கும் இயந்திரத்துக்கு வேலை இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம், முக்கால்வாசிக்கு 99 சதவீதத் துல்லியம். வாசிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, தாக்குதல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 14 அல்லது 118 முனைகள் கொண்ட மாதிரிக் கிரிட்டில் கட்டுரையாளரே உருவாக்கிய தாக்குதலாக இருக்கும். சார்ஜர்களுக்குக் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட தரவுத்தொகுப்பு போல நல்ல முயற்சிகள் உண்டு, ஆனால் அதுவும் ஆய்வகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டிகளை வைத்துத் தாங்களே தாக்கிப் பதிவு செய்தது. வினாத்தாள் எழுதியவரே விடைத்தாளும் திருத்தினால் மதிப்பெண் நன்றாகத்தான் வரும்.

இரண்டாவது இன்னும் எளிய கணக்கு. ஒரு நெட்வொர்க்கில் தினம் 1,00,000 முறை சார்ஜ் நடக்கிறது, அதில் 10-இல் ஏதோ விஷமம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 99 சதவீதம் சரியாகச் சொல்கிற மாடல், அதாவது அப்படிக் கற்றுக்கொண்ட இயந்திரம், அந்தப் பத்தையும் பிடித்துவிடும். கூடவே நல்ல சார்ஜிங்குகளில் சுமார் 1,000-ஐயும் குற்றவாளி என்று சொல்லும். ஆக நூறு எச்சரிக்கைக்கு ஒன்றுதான் நிஜம். இரவு ஷிப்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் முதல் நாள் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார், இரண்டாம் வாரம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'பார்த்தாயிற்று' என்று அழுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்டெஃபான் அக்ஸெல்சன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 1999-இலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார், ஆனால் விற்பனைப் பிரசுரங்களில் மட்டும் இது இன்னும் வந்து சேரவில்லை.

சரி, மனிதர் சலித்துப்போகிறார், இயந்திரமே முடிவெடுத்து சந்தேகத்துக்குரிய சார்ஜர்களைத் துண்டிக்கட்டும் என்றால்? அது எனக்கு இன்னும் பெரிய கவலை. லட்சம் சார்ஜர்களை ஒரே நேரத்தில் அணைக்கும் அதிகாரம் கொண்ட ஒரு தானியங்கியைக் கட்டி வைத்துவிட்டு, அதைக் கிளப்பிவிடுவது எப்படி என்பதை மட்டும் எதிரி கண்டுபிடித்தால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிடுவோம். போலியான மீட்டர் அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி மாடலின் 'வழக்கத்தை' நகர்த்தலாம், அல்லது வேண்டுமென்றே பதற வைக்கலாம். பாதுகாப்பே தாக்குதலாகிவிடும்.

அப்படியானால் மாடலை எங்கே வைப்பது? தனித்தனி சார்ஜரின் ஒழுக்கத்தை அளப்பதை விட, கூட்டத்தின் நடத்தையைப் பார்க்க வைப்பதுதான் பலன் தரும் என்பது என் கருத்து. சம்பந்தமில்லாத ஊர்களில் இருக்கிற ஆயிரம் பெட்டிகளுக்கு ஏன் ஒரே நொடியில் ஒரே 'ப்ரொஃபைல்' போகிறது? ஒரு தெருவின் சார்ஜர்கள் எல்லாம் 6 ஆம்பியர்தான் இழுக்கிறோம் என்று சத்தியம் செய்யும்போது, அந்தத் தெரு டிரான்ஸ்பார்மரின் மீட்டர் ஏன் ஐந்து மடங்கு காட்டுகிறது? சார்ஜரும் அதன் சர்வரும் சேர்ந்து பொய் சொன்னாலும், வேறொருவர் வைத்த, வேறு கம்பி வழியாகப் பேசுகிற டிரான்ஸ்பார்மர் மீட்டரையும் சேர்த்துப் பொய் சொல்ல வைப்பது கஷ்டம். எச்சரிக்கை வந்தால் துண்டிக்காமல், புதிய ஆணைகளை ஏற்காதே, இருக்கிற அளவிலேயே தொடர், மாற்றமென்றால் மெதுவாக மாற்று என்று மட்டும் செய்தால், எச்சரிக்கை தவறாக இருந்தாலும் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

பிரிட்டன் விதிமுறையின் அழகும் இதேதான். குலுக்கல் தாமதத்துக்கு யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை. சர்வரிலிருந்து வருகிற ஆணை கட்டணத்துக்காக வந்தாலும் விஷமத்துக்காக வந்தாலும் பெட்டி தன் பாட்டுக்குப் பத்து நிமிடத்துக்குள் பரப்பிவிடும். பெட்டியின் மென்பொருளையே மாற்றிவிட்டால் தாமதமும் போய்விடும் என்பது உண்மை, அதனால்தான் அதே விதிமுறையின் பாதுகாப்புப் பகுதி, 2022 டிசம்பர் 30-இல் அமலுக்கு வந்தது, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல், இயங்கத் தொடங்கும்போதே மென்பொருள் அசல்தானா என்ற சோதனை, மறையாக்கம் செய்த பேச்சு, யாராவது மூடியைத் திறந்தால் பதிவு என்று அடுக்குகிறது. ஒன்றும் புதிய கண்டுபிடிப்பில்லை, செய்திருக்க வேண்டியவைதான்.

ஓட்டைகள் இருக்கின்றன. இந்த விதி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும்தான், பொது இடத்து சார்ஜர்களுக்கு இல்லை. இன்னொன்று, அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கிற சேவையில் சார்ஜர் சேர்ந்திருந்தால் அந்த நேரத்தில் தாமதம் பொருந்தாது. அதில் தர்க்கம் உண்டு, அதிர்வெண் இறங்கும்போது பத்து நிமிடம் கழித்து வந்து உதவி என்ன பயன். ஆனால் அதன்படி, மின்வாகனங்களைக் கூட்டாகச் சேர்த்துக் கிரிட்டுக்கு உதவி விற்கிற கம்பெனிகளின் சர்வர்கள், தாமதமில்லாத வேகமான ஆணையை வைத்திருக்கும் இடங்களாகின்றன. இவர்கள் மின் உற்பத்தியாளரும் இல்லை, விநியோக நிறுவனமும் இல்லை, அதனால் பழைய சைபர் சட்டங்கள் இவர்களைத் தொடவில்லை. 2025 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்த சைபர் பாதுகாப்பு மசோதா 300 மெகாவாட் அல்லது அதற்கு மேல் லோடைக் கட்டுப்படுத்துகிறவர்களையும் உள்ளே இழுக்கிறது. 7.4 கிலோவாட் கணக்கில் 300 மெகாவாட் என்பது சுமார் 40,500 வீட்டு சார்ஜர்கள். 39,000 வைத்திருக்கிறவர் வெளியே நிற்பார், அவருக்கும் பக்கத்துக் கம்பெனிக்கும் ஒரே கிளவுடு, ஒரே மென்பொருள் என்றால் கூட்டிப் பார்க்கிறவர் யார் என்பதற்கு அந்த எல்லைக்கோட்டில் பதில் இல்லை.